சமூகவியல் பேராசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள்? உங்கள் வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பேராசிரியரின் பெயர், பாஸ்போர்ட் சைஸில் ஒரு போட்டோ, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும். "ஆய்வு ஆர்வங்கள்: முதுமை, புலம்பெயர்வு, பாலினம், பழங்குடியினர்." பெரும்பாலும் நாம் அதைப் படிக்காமலே ஸ்க்ரோல் செய்துவிடுவோம். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கான விஷயம், நமக்கு எதுக்கு என்று தோன்றும்.

ஆனா நீங்கள் சென்னை ஓஎம்ஆரிலோ பெங்களூருவிலோ துபாயிலோ வேலை பார்த்துக்கொண்டு, அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தால், அந்த வரியில் குறைந்தது இரண்டு சொற்கள் உங்களைப் பற்றியவை. உங்களைப் போல எத்தனை பேர், அந்த வீடுகளில் என்ன நடக்கிறது, அரசு அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு யாராவது ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பதில் தேட வேண்டியிருக்கிறது. அந்த வேலையின் சுருக்கப் பெயர்தான் 'ஆய்வு ஆர்வம்'.

இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம், நாகர்கோவிலில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருவனந்தபுரம். காரணம் இருக்கிறது, பார்ப்போம்.

'ஆய்வு ஆர்வம்' என்றால் பொழுதுபோக்கா?

இல்லை. 'ஆர்வம்' என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. ஒரு பேராசிரியரின் ஆய்வு ஆர்வத்தில் பொதுவாக நான்கு விஷயங்கள் அடங்கியிருக்கும்.

ஒன்று, பொருள்: முதுமை, சாதி, குடும்பம், உடல்நலம் போன்றவை. இரண்டு, களம்: எந்த ஊர், எந்த மக்கள். மூன்று, முறை: ஆயிரக்கணக்கான வீடுகளில் சர்வே எடுப்பாரா, நாலைந்து பேரோடு மாதக்கணக்கில் பேசுவாரா, பழைய ஆவணங்களைப் புரட்டுவாரா. நான்கு, கோட்பாடு: கிடைத்ததை எந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்.

கற்பித்தல் ஆர்வம் வேறு. வகுப்பில் எந்தத் தாளை நடத்த அவருக்கு விருப்பமும் தேர்ச்சியும் இருக்கிறது என்பதை அது சொல்லும். இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் திருவனந்தபுரம்?

1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் இங்கே தொடங்கியது. அப்போது இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் அந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் 'கேரளப் பல்கலைக்கழகம்' ஆனது. அதன் சமூகவியல் துறை 1969-ல் தொடங்கியது, காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்ரீகாரியத்தில், 1963-ல் தொடங்கப்பட்ட லயோலா சமூக அறிவியல் கல்லூரி சமூகவியலும் சமூகப் பணியும் சொல்லித் தருகிறது.

மூன்றாவது இடம் உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1970-ல் தொடங்கியது. லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டிடங்களுக்காகவும் பிரபலம். இது பொருளாதார ஆய்வு நிறுவனம்தான், சமூகவியல் துறை இல்லை. ஆனால் குடும்பம், பெண்கள், புலம்பெயர்வு, சாதி என்று சமூகவியலின் பெரிய கேள்விகளில் பல இங்கேதான் அளந்து பார்க்கப்பட்டன. 1975-ல் ஐநா வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த மையம்தான் தயாரித்தது. வருமானம் குறைவாக இருந்தும் கேரளத்தில் கல்வியும் ஆயுளும் எப்படி உயர்ந்தன என்று அது கேட்டது. 'கேரள மாடல்' என்று பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்கு அந்த ஆய்வு முக்கியமான தொடக்கம்.

இன்னொன்று, ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உள்ள அச்சுத மேனன் மையம். பொதுச் சுகாதாரம் சொல்லித் தரும் இடம். இங்கே பேராசிரியராக இருந்த டி.கே. சுந்தரி ரவீந்திரன் பாலினமும் உடல்நலமும் பற்றி ஆராய்ந்தவர். அதற்கு முன்பே, 1981-ல், செங்கல்பட்டுப் பகுதியில் தலித் பெண்களோடு சேர்ந்து கிராமப்புறப் பெண்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். களம் தமிழ்நாட்டில், வகுப்பறை திருவனந்தபுரத்தில்.

முதுமை: கேரளம் முதலில், அடுத்து நாம்

கேரளப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்த பி.கே.பி. நாயர், முதியோர் பற்றிய ஆய்வுக்காக அறியப்பட்டவர். திருவனந்தபுரத்தில் இதற்கென்றே முதுமையியல் ஆய்வு மையம் ஒன்றையும் நடத்தியவர். இந்தியா 'இளைஞர்களின் நாடு' என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் முதியோரைப் பற்றி ஏன் ஆராய வேண்டும்?

எண்களைப் பாருங்கள். மக்கள்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பங்கு இது:

2011 கணக்கெடுப்பு: இந்தியா 8.6 சதவீதம், தமிழ்நாடு 10.4, கேரளம் 12.6.

2021 மதிப்பீடு: இந்தியா 10.1, தமிழ்நாடு 13.6, கேரளம் 16.5.

2031 மதிப்பீடு: இந்தியா 13.1, தமிழ்நாடு 18.2, கேரளம் 20.9.

முதல் வரிசை மட்டும்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மற்ற இரண்டும் மத்திய அரசின் நிபுணர் குழு கணித்தவை. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது கேரளத்தின் எண் இல்லை, நம்முடையது. கேரளம் 2021-ல் இருந்ததாகக் கணிக்கப்படும் இடத்தைத் தமிழ்நாடு 2031-க்கு முன்பே தாண்டிவிடும். அதாவது பத்து வருடத்துக்கும் குறைவான இடைவெளியில் நாம் பின்னால் வந்துகொண்டிருக்கிறோம். பிறப்பு விகிதத்தில் அந்த இடைவெளிகூட இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இரண்டு மாநிலங்களிலும் 1.8 தான்.

மக்கள்தொகை ஆய்வாளர் 'எத்தனை பேர்' என்று சொல்லிவிடுவார். சமூகவியலாளரின் கேள்வி அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. பராமரிப்பது மகளா, மருமகளா, சம்பளத்துக்கு வரும் பெண்ணா? கணவனை இழந்த பெண்ணின் கையில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா? முதியோர் இல்லத்தில் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும், அந்தப் பயத்தால் எத்தனை பேர் தனியாகவே இருக்கிறார்கள்? பென்ஷன் திட்டமோ வீட்டுக்கு வரும் மருத்துவச் சேவையோ சரியாக அமைய இந்தப் பதில்கள் வேண்டும்.

புலம்பெயர்வு: வீட்டில் இல்லாதவர்களை எப்படி எண்ணுவது?

கேரளத்தில் இருந்து எத்தனை பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று 1990-களின் நடுப்பகுதி வரை நம்பகமான கணக்கு இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரில் இருப்பவர்களைத்தான் எண்ணும். 1998-ல் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கே.சி. சக்கரியா, எஸ். இருதய ராஜன் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. மாநிலம் முழுக்க 10,000 வீடுகளுக்குப் போய், "இந்த வீட்டு ஆள் யாராவது வெளிநாட்டில் இருக்கிறாரா? எங்கே, என்ன வேலை, பணம் அனுப்புகிறாரா?" என்று கேட்டார்கள். சாம்பிளில் இருந்து மாநிலத்துக்கான மதிப்பீடு வந்தது: 13.6 லட்சம் பேர்.

அதன் பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த சர்வே திரும்பத் திரும்ப நடந்தது. 2018-ல் 21.2 லட்சம், 2023-ல் சுமார் 22 லட்சம். 2023 சர்வேயில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. வெளிநாடு போனவர்களில் பெண்களின் பங்கு 15.8 சதவீதத்தில் இருந்து 19.1 ஆக உயர்ந்திருந்தது. மாணவர்களின் எண்ணிக்கை ஐந்தே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகி 2.5 லட்சத்தைத் தொட்டிருந்தது. 'கல்ஃப் போன அப்பா' என்ற பழைய படம், 'கனடாவில் படிக்கும் மகள்' என்று மாறிக்கொண்டிருக்கிறது என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் கேட்டுக் கணக்கெடுப்பதால், குடும்பத்தோடு மொத்தமாகப் போய்விட்டவர்கள் இந்த முறையில் விழமாட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தால் யாரிடம் கேட்பது? ஒரு முறையின் பலத்தோடு அதன் ஓட்டையையும் தெரிந்துவைத்திருப்பதுதான் ஆராய்ச்சி.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இதே முறையில் 2015-ல் தமிழ்நாட்டிலும் சர்வே நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. அதிகம் பேர் இருந்த நாடு, கேரளத்தைப் போல வளைகுடா நாடு இல்லை, சிங்கப்பூர்.

சராசரி மறைப்பது என்ன?

பெரிய எண்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. சராசரியில் சிலர் காணாமல் போய்விடுவார்கள். அவர்களைத் தேடிப் போவதும் ஒரு வகை ஆராய்ச்சி.

வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருந்த லீலா குலாட்டி 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருப்பது ஐந்தே ஐந்து பெண்கள். கேரளத்தின் ஏழை உழைக்கும் பெண்கள். செங்கல் சூளை, மீன் விற்பனை, வயல் வேலை என்று ஒவ்வொருவரின் நாளும், கூலியும், சாப்பாடும், கடனும் அதில் இருக்கின்றன. "ஐந்து பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். எத்தனை பேர் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கூலி குறைந்த நாளில் வீட்டில் யார் முதலில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார் என்பதை 10,000 வீட்டு சர்வே சொல்லாது, இது சொல்லும். 1993-ல் அவர் வெளியிட்ட இன்னொரு புத்தகம், கணவர்கள் வெளிநாடு போன பிறகு ஊரில் இருக்கும் மனைவிகளைப் பற்றியது. 22 லட்சம் என்ற எண்ணுக்கு மறுபக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்.

அதே மையத்தின் ஜான் குரியன் மீனவர்களை ஆராய்ந்தவர். 1995-ல் வெளியான அவரது கட்டுரை, கேரள மாடலின் சராசரிக்கு வெளியே நிற்பவர்கள் மீனவர்கள் என்று வாதிட்டது. கல்வியிலும் ஆரோக்கியத்திலும் மாநிலம் முன்னேறியபோது கடற்கரை பின்தங்கியே இருந்தது. திருவனந்தபுரத்தின் வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு இது புரியும். தலைமைச் செயலகத்தில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் வேறொரு கேரளம்.

பழங்குடியினர் ஆய்வும் இந்த வகைதான். கேரளப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜேக்கப் ஜான் கட்டக்கயம், இடுக்கி மாவட்டத்தின் ஊராளி மக்களை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். கேரளத்தின் மொத்த மக்கள்தொகையில் பழங்குடியினர் 2011-ல் 1.5 சதவீதம்தான். தனியாகப் போய்ப் பார்க்காவிட்டால் எந்தச் சராசரியிலும் அவர்கள் தெரியமாட்டார்கள்.

உள்ளூர் ஆராய்ச்சி உலகத்துக்கு எதற்கு?

இதற்கு நல்ல உதாரணம் மருமக்கத்தாயம். கேரளத்தில் நாயர் உள்ளிட்ட சில சமூகங்களில் சொத்தும் குடும்பப் பெயரும் தாய்வழியில் போகும் முறை அது. 1940-களின் இறுதியில் இங்கே களப்பணி செய்த கேத்லீன் கஃப், 1959-ல் நாயர்களின் திருமண முறையை வைத்து 'திருமணம் என்பதற்கு வரையறை என்ன' என்றே ஒரு கேள்வியை எழுப்பினார். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்வதுதான் திருமணம் என்றால், அப்படி வாழாத ஒரு சமூகத்தை எங்கே வைப்பது? உலகம் முழுக்க சமூகவியல், மானுடவியல் வகுப்புகளில் இந்த உதாரணம் இன்றும் வருகிறது. இதே கேத்லீன் கஃப் பிறகு தஞ்சாவூர் கிராமங்களுக்கும் வந்து ஆராய்ந்தவர் என்பது நமக்கான கூடுதல் தகவல்.

அந்த முறை எப்படி மறைந்தது என்பது அடுத்த கேள்வி. 1925-ன் திருவிதாங்கூர் நாயர் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரிக்க வழி செய்தது. 1975-ல் கேரளச் சட்டமன்றம் கூட்டுக் குடும்ப முறையையே சட்டப்படி ஒழித்தது. இந்த மாற்றத்தில் பெண்கள் எதை இழந்தார்கள் என்று கே. சாரதாமணி 1999-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். 'சட்டச் சீர்திருத்தம் என்றாலே முன்னேற்றம்' என்று நாம் நினைப்பதைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் ஆய்வு அது.

பாடம் ஒன்று, ஆராய்ச்சி இன்னொன்று

இனி வகுப்பறைக்கு வருவோம். எம்ஏ சமூகவியல் எங்கே படித்தாலும் மார்க்ஸ், துர்கைம், வெபர் என்ற மூவரைத் தாண்டித்தான் வர வேண்டும். பிறகு எம்.என். ஸ்ரீநிவாஸ், தஞ்சாவூர் கிராமம் ஒன்றை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், ஆராய்ச்சி முறைகள், கொஞ்சம் புள்ளியியல். பாடத்திட்டம் ஏற்கனவே முடிவாகிவிட்ட ஒன்று. முதுமையை ஆராயும் பேராசிரியர், அந்த வருடம் துறையில் ஆள் இல்லாததால் கோட்பாட்டுத் தாளை நடத்துவார். அவருடைய ஆராய்ச்சி வகுப்புக்குள் வருவது விருப்பப் பாடமாகவோ, மாணவர்களின் பிராஜெக்ட் வழியாகவோதான்.

நேரமும் குறைவு. யுஜிசி-யின் 2018 விதிமுறைகளின்படி நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14 மணி நேரம். இதற்கு மேல் தயாரிப்பு, விடைத்தாள், நிர்வாகக் கூட்டங்கள். களப்பணிக்குப் பெரும்பாலும் விடுமுறைதான் மிஞ்சும். நீண்ட கால சர்வேக்கள் ஆராய்ச்சி நிறுவனங்களில் அதிகம் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சென்னையில் மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் அந்த வகைதான்.

ஒரு பேராசிரியரின் பக்கத்தை எப்படி வாசிப்பது?

டேட்டா ஸ்டோரிகளுக்காக நிபுணர்களைத் தேடும்போது நான் பின்பற்றும் வழி இது. உங்களுக்கும் உதவும்.

முதலில், பொருளைப் பார்க்காதீர்கள், களத்தைப் பாருங்கள். 'பாலினம்' என்று ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள். முந்திரி ஆலைப் பெண்களா, ஐடி ஊழியர்களா, நர்ஸ்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது, கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைப் பாருங்கள். பத்து ஆர்வங்கள் பட்டியலில் இருக்கும். கட்டுரைகள் இரண்டில்தான் இருக்கும். அந்த இரண்டுதான் உண்மையான ஆர்வம்.

மூன்றாவது, முறையைக் கவனியுங்கள். 'எத்தனை சதவீதம்' என்ற கேள்வியை, நீண்ட நேர்காணல்கள் செய்பவரிடம் கேட்டால் அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் பயன் இல்லை. 'ஏன் இப்படி நடக்கிறது' என்று கேளுங்கள்.

நான்காவது, அவரிடம் பிஎச்டி முடித்தவர்களின் ஆய்வேடுத் தலைப்புகள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் பெரும் பகுதி 'ஷோத்கங்கா' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கைடின் ஆர்வம் எந்தப் பக்கம் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

வேலையில் இருந்துகொண்டே பிஎச்டி செய்ய முடியுமா?

முடியும். யுஜிசி-யின் 2022 பிஎச்டி விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சாதாரணமாகக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். அதனால் உங்கள் தலைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தப் பொருளில் இடம் காலியாக உள்ள கைடு கிடைக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

முழுநேரம் என்றால், நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அதில் தப்பே இல்லை.

மெயில் எழுதும்போது "சார், உங்களிடம் பிஎச்டி செய்ய விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் பதில் இல்லாத ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். உங்கள் வேலை அனுபவம் அந்தக் கேள்விக்கு எப்படி உதவும் என்று இரண்டு வரி போதும்.

பிஎச்டி வேண்டாம் என்றாலும்...

எல்லோரும் ஆராய்ச்சிக்குப் போகப் போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். 1998-ல் அந்த 10,000 வீடுகளுக்கு யாரும் போகாமல் இருந்திருந்தால், கேரளத்தில் வெளிநாடு போனவர்கள் பற்றிய பேச்சு இன்றும் ஊகத்தில்தான் இருக்கும். கேரளத்தில் அந்த சர்வே பல முறை திரும்ப நடந்ததால்தான் மாணவர்கள் இரட்டிப்பானது தெரிந்தது. ஒரே ஒரு சர்வே ஒரு போட்டோ மாதிரி. திரும்பத் திரும்ப எடுத்தால்தான் எது மாறுகிறது என்று தெரியும்.

தமிழ்நாட்டில் 2031-ல் ஐந்தரைப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார். அவர்களில் உங்கள் அப்பா அம்மாவும் இருக்கலாம். அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பக்கத்துத் தெருவில் டாக்டர் இருக்கிறாரா, மாதம் எவ்வளவு செலவு, வெள்ளிக்கிழமை இரவு உங்கள் வீடியோ காலுக்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் யாராவது முறையாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு சர்வே எடுப்பவர் ஊரில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், "வேற வேலை இல்லையா" என்று அனுப்பிவிடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உட்காரவைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள்.